டேப்லெட் யாருடைய கணினி?

2011ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் உலகிலேயே அதிகமான பர்சனல் கம்ப்யூட்டர்களை விற்ற நிறுவனம் எது? 2012 தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் வெளியாயின. கார்ட்னர், ஐ.டி.சி. என்ற சந்தை ஆய்வு நிறுவனங்கள் இரண்டும் எச்.பி. என்றன. கனாலிஸ் என்ற மூன்றாவது நிறுவனம் ஆப்பிள் என்றது. கூட்டலில் யாரும் பிழை செய்யவில்லை. அந்தக் காலாண்டில் ஆப்பிள் ஏறத்தாழ 52 லட்சம் மேக் கணினிகளையும் 1 கோடியே 54 லட்சம் ஐபேடுகளையும் விற்றிருந்தது. ஐபேடைச் சேர்த்தால் ஆப்பிளுக்கு முதலிடம். விட்டுவிட்டால் உலகின் முதல் ஐந்து இடங்களில்கூட அதற்கு இடமில்லை. மொத்தச் சந்தையின் அளவே கனாலிஸ் கணக்கில் 12 கோடி, மற்ற இருவர் கணக்கில் 9 கோடிக்குச் சற்று மேல். ஏறத்தாழ மூன்று கோடிக் கருவிகள் கணினியா இல்லையா என்பதில் ஒரு தொழில்துறையே இரண்டாகப் பிரிந்து நின்றது.

அந்தப் பிரிவு இன்றும் தீரவில்லை. மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் புரோவை எடுத்துக்கொள்வோம். திரையை விசைப்பலகையிலிருந்து தனியே கழற்றலாம் என்பதால் ஐ.டி.சி. அதை டேப்லெட்டில் சேர்த்தது. விண்டோஸ் முழுமையாக ஓடுகிறது என்பதால் கார்ட்னர் கணினியில் சேர்த்தது. விளைவு, 2018இன் மூன்றாம் காலாண்டில் அமெரிக்கக் கணினிச் சந்தையின் ஐந்தாம் இடம் கார்ட்னர் பட்டியலில் மைக்ரோசாஃப்டுக்குப் போனது, ஐ.டி.சி. பட்டியலில் அந்தப் பெயரே இல்லை.

பங்குச் சந்தையைக் கவனிப்பவர்களின் கவலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஓர் அரசு தன் மக்களில் எத்தனை பேரிடம் கணினி இருக்கிறது என்று எண்ணும்போதும், மாணவர்களுக்கு எதை வாங்கித் தருவது என்று முடிவு செய்யும்போதும், எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி என்று விதிக்கும்போதும் இதே கேள்விதான் வந்து நிற்கிறது.

வரிச் சட்டத்துக்கு ஒரு நேரடியான விடை உண்டு. உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சுங்கப் பட்டியலில் 8471.30 என்ற உட்பிரிவு, 10 கிலோவுக்கு மேற்படாத எடையும், மையச் செயலகமும், விசைப்பலகையும், திரையும் கொண்ட கையடக்கத் தரவுச் செயலாக்க இயந்திரங்களுக்கானது. அமெரிக்காவில் லேப்டாப்பும் டேப்லெட்டும் இந்த ஒரே எண்ணின்கீழ்தான் இறக்குமதியாகின்றன. கண்ணாடியில் தோன்றி மறையும் விசைப்பலகையும் விசைப்பலகைதான் என்பது அதன் பொருள். இந்தியாவும் 2023 ஆகஸ்ட் 3 அன்று இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது லேப்டாப், டேப்லெட், ஆல்-இன்-ஒன் கணினி, சர்வர் ஆகியவற்றை 8471 என்ற ஒரே தலைப்பின்கீழ்தான் வைத்தது.

எடை, திரை, விசைப்பலகை என்று உடல் உறுப்புகளை எண்ணி வகைப்படுத்தினால் என்ன ஆகும் என்பதை அதே ஆண்டு ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று காட்டுகிறது. மேசையில் நிற்கும் ஆல்-இன்-ஒன் கணினியும் 10 கிலோவுக்குக் குறைவுதானே, ஆகவே அது கையடக்கக் கணினி என்பது சுங்கத் துறையின் வாதம். இறக்குமதி செய்த எச்.பி. நிறுவனம் மறுத்தது. நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. எடை குறைந்திருப்பது மட்டும் போதாது, அன்றாடம் தூக்கிக்கொண்டு போய்ப் பயன்படுத்த முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்றது. எண்ணக்கூடிய உறுப்பை விட்டுவிட்டு, அந்தப் பொருளை வைத்து மனிதர் என்ன செய்ய முடிகிறது என்று நீதிமன்றம் கேட்டது. டேப்லெட் விஷயத்திலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஏனென்றால் மற்ற எல்லா அளவுகோல்களும் சோதித்தால் உடைந்துபோகின்றன. விசைப்பலகை இல்லாவிட்டால் கணினி இல்லை என்றால், தனிநபர் கணினி யுகத்தைத் தொடங்கிவைத்த ஆல்டேர் 8800 கணினி ஆகாது. 1975 ஜனவரியில் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் வந்த அந்தப் பெட்டிக்கு விசைப்பலகையும் கிடையாது, திரையும் கிடையாது. முகப்பில் வரிசையாக ஸ்விட்சுகள், சிறு விளக்குகள், அவ்வளவுதான். ஸ்விட்சுகளை மேலும் கீழும் தள்ளித்தான் நிரலின் ஒவ்வொரு பைட்டையும் உள்ளே அனுப்ப வேண்டும். வேகம்தான் அளவுகோல் என்றாலும் நிற்காது. 2020 நவம்பரில் மேக்புக் ஏரில் வந்த எம்1 சில்லு அடுத்த ஆண்டே ஐபேட் புரோவுக்குள்ளும் வந்துவிட்டது. ஒரே மூளை கொண்ட இரண்டு கருவிகளில் ஒன்று கணினி, மற்றது இல்லை என்றால், காரணம் சில்லில் இருக்க முடியாது. மவுஸ், கோப்புகளைப் பார்க்கும் செயலி, அடுக்கடுக்கான சாளரங்கள் என்று டேப்லெட்டுக்கு இல்லை எனச் சொல்லப்பட்டவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துவிட்டன.

வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் காண டேப்லெட்டின் பிறப்புக்குப் போக வேண்டும். அது ஐபேடுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முந்தையது.

1968இல் ஆலன் கே என்ற இளம் ஆய்வாளர், எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சீமோர் பேப்பர்ட் பள்ளிக் குழந்தைகளுக்கு நிரல் எழுதக் கற்றுத்தருவதைப் பார்த்தார். ஓர் அறையை அடைக்கும் இயந்திரங்களே கணினி என்றிருந்த காலம் அது. குழந்தைகள் அதை ஆட்டிவைப்பதைக் கண்டதும் கேயின் சிந்தனை திசைமாறியது. 1972இல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்தபோது, எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான தனிநபர் கணினி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் வரையப்பட்ட டைனாபுக் என்ற கற்பனைக் கருவி ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவு, தட்டையானது, ஒரு குழந்தை மடியில் வைத்துக்கொள்ளலாம். உருவத்தில் இன்றைய டேப்லெட்டுக்கு அண்ணன். ஆனால் கேயின் கட்டுரையில் உருவம் இரண்டாம் பட்சம். அவர் விரும்பியது, குழந்தை படிக்கவும் எழுதவும் வரையவும் மட்டுமல்லாமல், தானே நிரல் எழுதி அந்தக் கருவியைப் புதிதாக ஒன்றைச் செய்யவைக்க வேண்டும் என்பதே. அதற்காகவே அவருடைய குழு ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியை உருவாக்கியது. ஆக, தனிநபர் கணினி என்ற எண்ணமும் டேப்லெட் என்ற வடிவமும் ஒரே தாளில் பிறந்தவை.

இரண்டும் பிரிந்த நாளைக்கூட ஓரளவு சொல்லிவிடலாம். முதல் ஐபேட் 2010 ஏப்ரல் 3 அன்று கடைக்கு வந்தது. அதே மாதம் ஆப்பிள் தன் செயலிக் கடையிலிருந்து ஸ்க்ராட்ச் திட்டங்களை இயக்கிக் காட்டும் ஒரு செயலியை நீக்கியது. ஸ்க்ராட்ச், குழந்தைகள் வண்ணக் கட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தி நிரல் எழுதுவதற்காக எம்.ஐ.டி.யில் உருவானது. அப்போதைய ஸ்க்ராட்ச் எழுதப்பட்டிருந்தது ஸ்குவீக்கில்; ஸ்குவீக், கேயின் குழுவே உருவாக்கிய ஸ்மால்டாக் வடிவம். நீக்கப்பட்டதற்குக் காரணம், வேறொரு நிரலைப் படித்து இயக்கும் செயலிகளுக்கு ஆப்பிளின் உருவாக்குநர் ஒப்பந்தம் தடை விதித்திருந்தது. டைனாபுக்கைப் போலவே தோன்றிய முதல் வெற்றிகரமான கருவியில், டைனாபுக்கின் வழிவந்த நிரல்மொழிக்கு அனுமதி இல்லை.

இந்த இடத்தில்தான் என் அளவுகோலை வைக்கிறேன். ஒரு கருவியின் உரிமையாளர், அந்தக் கருவியிலேயே உட்கார்ந்து ஒரு நிரலை எழுதி, யாரிடமும் அனுமதி கேட்காமல் அதிலேயே இயக்கி, விரும்பிய இன்னொருவருக்கும் கொடுக்க முடிந்தால் அது தனிநபர் கணினி. முடியாவிட்டால், அது எவ்வளவு வேகமாக ஓடினாலும், எத்தனை விசைகளை ஒட்டவைத்தாலும், இன்னொருவர் ஆட்சியில் உள்ள கணினி.

இந்த அளவுகோல் பழைய கணினிகளுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. 1977இன் ஆப்பிள் II வாங்கியவருக்கு அதன் மின்சுற்று வரைபடமே கையேட்டில் கிடைத்தது. 1981 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் வட்டு எதுவும் போடாமல் இயக்கினால் பேசிக் மொழி காத்திருக்கும். அடுத்த வரியை எழுதவேண்டியவர் நீங்கள். 2010இன் ஐபேடில் அதே வேலைக்கு என்ன தேவை என்று பாருங்கள். முதலில் ஒரு மேக் கணினி. அதில் ஆப்பிளின் நிரலாக்க மென்பொருள். பிறகு ஆண்டுக்கு 99 டாலர் கட்டி உருவாக்குநராகப் பதிவு. இத்தனைக்கும் பிறகுதான் நீங்களே எழுதிய நிரலை நீங்களே காசு கொடுத்து வாங்கிய ஐபேடில் ஏற்ற முடியும். 2015க்குப் பிறகு பணம் கட்டாமலும் ஏற்ற வழி வந்தது. அப்படி ஏற்றிய நிரல் ஏழு நாளில் காலாவதியாகிவிடும்.

உருவத்துக்கும் ஆட்சிக்கும் தொடர்பில்லை என்பதற்கு மைக்ரோசாஃப்டே சான்று தந்தது. 2012 அக்டோபரில் வந்த சர்ஃபேஸ் ஆர்.டி.யில் விண்டோஸ் டெஸ்க்டாப் இருந்தது, வேர்டும் எக்செலும் இருந்தன, பொருத்திக்கொள்ள விசைப்பலகை இருந்தது. பார்த்தவர் எவரும் கணினி என்றே சொல்வார். ஆனால் வெளியிலிருந்து ஒரு டெஸ்க்டாப் நிரலை அதில் ஏற்ற முடியாது. வேறு இயங்குதளத்தையும் போட முடியாது. விற்காமல் தேங்கியதால் அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலர் நட்டக் கணக்கு எழுதியது. 2013 பிப்ரவரியில் வந்த சர்ஃபேஸ் புரோ, பார்வைக்கு அதே போன்ற தட்டை. முழு விண்டோஸ் என்பதால் எந்த நிரலும் ஓடும். என் கணக்கில் முதலாவது கணினி அல்ல, இரண்டாவது கணினி.

நிரல் எழுதுகிறவர்கள் நூற்றில் எத்தனை பேர், மற்றவர்களுக்கு இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குத் தமிழர்களிடம் சொந்த அனுபவமாகவே ஒரு பதில் இருக்கிறது.

கணினியில் தமிழ் வந்த கதை எந்தப் பெருநிறுவனத்தின் கொடையும் அல்ல. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கியபோது அவர் யாரிடமும் விண்ணப்பம் போடவில்லை. விண்டோஸ் 2000இல்தான் மைக்ரோசாஃப்ட் தமிழுக்கு முறையான ஆதரவு தந்தது. அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் சென்னை, சிங்கப்பூர், யாழ்ப்பாணத்திலிருந்து சிதறியவர்கள் குடியேறிய நகரங்கள் என்று பல இடங்களில் இருந்தவர்கள் எழுத்துருக்களை வரைந்தார்கள், விசைப்பலகை இயக்கிகளை எழுதினார்கள், மின்னஞ்சல் குழுக்களில் சண்டையிட்டுக்கொண்டே டிஸ்கி குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. பின்பு எ-கலப்பையும் என்.எச்.எம். ரைட்டரும் வந்தன, ஒரு கோப்பை இறக்கி நிறுவினால் போதும், நோட்பேடிலும் வேர்டிலும் மின்னஞ்சலிலும் தமிழ் ஓடும். அந்த நிரல்களை எழுதியவர்கள் ஒரு சிலர். அவற்றால் எழுதியவர்கள் லட்சக்கணக்கானவர்கள். எழுதாதவரின் கணினியும் திறந்திருந்ததால்தான் எழுதியவரின் நிரல் அவரிடம் போய்ச் சேர்ந்தது.

ஐபேட் வந்தபோது இதே சமூகம், இதே அறிவு, இதே ஆர்வம் எல்லாம் இருந்தன. ஆனாலும் வெளியார் எழுதிய விசைப்பலகையை அதில் நிறுவ வழியில்லை. தமிழில் எழுத விரும்பியவர் அதற்கென வந்த ஒரு செயலிக்குள் போய் எழுதி, முழுவதையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, செயலியை விட்டு வெளியேறி, மின்னஞ்சலைத் திறந்து ஒட்ட வேண்டும். ஓர் எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் திரும்பவும் அதே பயணம். 2013இல் ஐ.ஓ.எஸ். 7 வந்தபோதுதான் அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் உள்ளேயே கிடைத்தன. வெளியார் விசைப்பலகைகளுக்கு 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆப்பிள் சேர்த்தது நல்லதே, சேர்த்த விதமும் சிறப்பே. ஆனால் எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழிக்கே மூன்று ஆண்டுகள் என்றால், சில ஆயிரம் பேர் பேசும் ஒரு மலைமொழிக்கு எந்த நிறுவனம் எப்போது மனம் இரங்கும்? திறந்த கணினியில் அந்த மொழிக்காரர் ஒருவரே ஓர் எழுத்துரு செய்துகொள்ளலாம்.

இந்தியாவில் இந்தக் கேள்வி 2011இல் இருபது நாள் இடைவெளியில் இரண்டு அரசுத் திட்டங்களாக வந்து நின்றது. அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டு முதலமைச்சர் ஜெயலலிதா மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அக்டோபர் 5 அன்று டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டார். 35 டாலர் கணினி என்று உலகமே பேசிய ஆகாஷில் 7 அங்குலத் திரை, 256 எம்.பி. நினைவகம், 366 மெகாஹெர்ட்ஸ் செயலி. அழுத்தினால்தான் கேட்கும் திரை, சீக்கிரம் தீரும் பேட்டரி. முதல் வடிவம் தோற்றது.

தமிழ்நாட்டு லேப்டாப்பில் மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. மாணவர்கள் பலர் அதை அழித்துவிட்டு விண்டோஸ் ஏற்றிக்கொண்டார்கள். சினிமா பார்த்தார்கள், கேம் ஆடினார்கள். திட்டத்தைக் குறைசொன்னவர்கள் இதைத்தான் சுட்டினார்கள். எனக்கு அந்த அழிப்பே முக்கியமாகப் படுகிறது. அரசு தேர்ந்து கொடுத்த இயங்குதளத்தையே தூக்கிவிட்டு வேறொன்றைப் போட ஒரு பதினேழு வயதுப் பிள்ளையால் முடிந்தது. அதைச் செய்யும் வழியில் பார்ட்டிஷன், டிரைவர், பூட் என்று அவர் கற்றது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

டேப்லெட் என்றாலே மூடிய கருவி என்றும் முடிவுகட்டக் கூடாது. ஆகாஷின் இரண்டாம் வடிவம் 2012இல் வந்தபோது ஐ.ஐ.டி. பம்பாய்க் குழு அந்தச் சிறிய திரையிலேயே சி, பைத்தான், சைலேப் நிரல்களை எழுதி இயக்க வழி செய்தது. லினக்ஸையும் அதில் ஓட்டிக் காட்டியது. உருவம் அதேதான், விலையும் ஏறத்தாழ அதேதான். கதவு திறந்ததும் அது கணினியானது. இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது 2022 மே மாதம் ஹரியானா அரசு 10 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் தந்த டேப்லெட்டுகள். பாடங்கள் ஏற்றி, இணைய வசதியோடு வந்தவை. வெளியார் செயலி எதையும் போட முடியாதபடி பூட்டப்பட்டவை. படிப்பு முடிந்ததும் திருப்பித் தர வேண்டியவை. பாடநூலாக அவற்றுக்குப் பயன் உண்டு. மாணவருக்குக் கணினி கொடுத்தோம் என்று சொல்ல முடியாது.

ஆனால் நம்முடைய கணக்கெடுப்புகள் சொல்கின்றன. 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று, கணினி உள்ள வீடுகள் கிராமங்களில் 4.4 சதவீதம், நகரங்களில் 23.4 சதவீதம் என்றது. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடியபோது எல்லோரும் மேற்கோள் காட்டிய எண் இது. அதன் வரையறையில் மேசைக்கணினி, லேப்டாப் இவற்றோடு டேப்லெட்டும் உண்டு. ஸ்மார்ட்போன் மட்டும் கிடையாது. 7 அங்குல டேப்லெட் கணினி, 6 அங்குலக் கைபேசி கணினி இல்லை என்ற இந்தக் கோட்டுக்கு என்ன தர்க்கம்? இரண்டிலும் ஓடுவது ஒரே ஆண்ட்ராய்டு. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமோ தருக்கம், கணக்கு, நினைவகம் ஆகிய வேலைகளைச் செய்யும் எந்த மின்னணுக் கருவியையும் கணினி என்கிறது. அந்த அடிப்படையில் ஆந்திர உயர் நீதிமன்றம் 2005லேயே கைபேசியும் கணினிதான் என்று சொல்லிவிட்டது. குற்றங்களை விசாரிக்க இவ்வளவு அகலமான வரையறை தேவை. கல்வி வாய்ப்பை அளக்க அது உதவாது.

டேப்லெட்டின் பெருமையைக் குறைப்பது என் நோக்கம் அல்ல. ஓவியர் டேவிட் ஹாக்னி தன் எழுபதுகளில் ஐபேடைக் கையிலெடுத்து யார்க்ஷயரின் வசந்தத்தை வரைந்தார். 2012இல் அவை லண்டன் ராயல் அகாடமியின் சுவர்களில் இடம்பெற்றன. பேச முடியாத குழந்தை படத்தைத் தொட்டால் சொல்லாக ஒலிக்கும் செயலிகள், முன்பு ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்ற தனிக் கருவிகளின் இடத்தைப் பிடித்தன. வைரஸ் பயமில்லாமல், எதையும் கெடுத்துவிடுவோம் என்ற அச்சமில்லாமல் முதியவர்கள் பேரப்பிள்ளைகளோடு பேசுகிறார்கள். பூட்டு இவர்களுக்குப் பாதுகாப்பு. மறுக்கவே முடியாது. ஆனால் பூட்டின் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கும்போது மட்டுமே அது பாதுகாப்பு. தேவையானவர் திறந்துகொள்ளலாம், வேண்டாதவர் பூட்டியே வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டு பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது.

நிலைமை இரண்டு திசைகளிலும் நகர்கிறது. 2021 டிசம்பர் முதல் ஐபேடிலேயே செயலி எழுதி ஆப்பிளின் கடைக்கு அனுப்ப முடிகிறது. வாசலில் பரிசோதனை தொடர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின்கீழ் ஐபேடின் இயங்குதளத்தையும் கொண்டுவந்ததால் அங்குள்ளவர்களுக்கு வேறு செயலிக் கடைகளும் திறந்தன. ஒரே ஐபேட் பாரிசில் சற்று அதிகமாகவும் மதுரையில் சற்றுக் குறைவாகவும் கணினியாக இருக்கிறது. மறுபக்கம், ஆண்ட்ராய்டில் கடைக்கு வெளியிலிருந்து ஏற்றும் செயலியின் ஆசிரியரும் தன்னிடம் அடையாளத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தபின் அனுபவமுள்ளவர்களுக்கு ஒரு விலக்கு வழி தருவதாகச் சொன்னது.

தமிழ்நாட்டுக்கு இது நேற்றைய விவாதம் அல்ல. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அவரவர் விருப்பப்படி கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டு, முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பின்னர் மாநில அரசு நிறுவனமான எல்காட் வெளியிட்ட ஒப்பந்தப்புள்ளி மடிக்கணினிக்கானது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் விசைப்பலகை இருக்கிறது என்பதற்காக அது சரியாகிவிடாது. அடுத்த முறை யாராவது மலிவான டேப்லெட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், விசைப்பலகையையும் சேர்த்தே தருவார்கள். அப்போது ஒப்பந்தப்புள்ளியில் நினைவகம், திரை, பேட்டரி என்று பக்கம் பக்கமாக வரும் நிபந்தனைகளோடு இன்னும் சிலவற்றை எழுதியாக வேண்டும்: மாணவர் இந்தக் கருவியிலேயே நிரல் எழுதி இயக்க முடிய வேண்டும், வேறு இயங்குதளம் ஏற்றும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும், எந்தப் பூட்டு போட்டாலும், படிப்பு முடியும் நாளில் அதன் சாவி அவர் கைக்குப் போக வேண்டும். மாதிரி ஆய்வுப் படிவத்திலும் டேப்லெட்டுக்குத் தனிக் கட்டம் ஒன்று போட்டு, அதன் பக்கத்தில் 'வெளியிலிருந்து நிரல் நிறுவ முடியுமா?' என்று ஒரு கேள்வி சேர்த்தால் போதும். கிராமத்தின் 4.4 சதவீதத்தில் உண்மையான கணினி எவ்வளவு என்பது அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் தெரிந்துவிடும்.